பெரியம்மாவின் சார்பில்

மூத்தோர் அதிகாரப் பாதுகாப்பு இயக்ககம் நாட்டு மக்கள் அனைவருக்கும் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்வது: தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத பெரியவர்கள், நம்பிக்கைக்கு உரிய ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடலாம். மூச்சு விடுவதைத் தவிர மற்ற அனைத்தையும் அதிகாரம் பெற்றவர் கவனித்துக்கொள்வார். இயக்ககம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை, அதிகாரம் பெற்ற எவர்மீதும் ஓர் ஏமாற்றுப் புகார்கூடப் பதிவானதில்லை என்பது உலகே வியக்கும் சாதனையாகும்.

இந்த அறிவிப்பு இயக்ககத்தின் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டு, மேலே தனி விளக்கும் போடப்பட்டிருந்தது. அதன் கீழே நின்றுகொண்டுதான் பல்செட்காரி, புகார் எங்கே கொடுப்பது என்று காவலாளியிடம் கேட்டாள். காவலாளி முதலில் அவளைப் பார்த்தார். பிறகு அறிவிப்பைப் பார்த்தார். பிறகு, சாவு வீட்டில் சிரித்துவிட்டவளைப் பார்ப்பதுபோல மறுபடியும் அவளைப் பார்த்தார்.

பல்செட்காரி ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் வேலை செய்பவள். டாக்டர் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் மாவு ஊற்றி, மெழுகில் பல்லை வரிசையாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அவள் தொழில். ஊரில் வயதானவர்கள் பாதிப் பேர் சிரிக்கும் சிரிப்பு அவள் கைவேலை. அரசாங்க அலுவலகங்களோடு அவளுக்கு அதுவரை எந்தப் பகையும் இருந்ததில்லை.

அவளுடைய பெரியம்மா, ஒரு காலத்தில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பெயர் பெற்ற டாக்டர்களே அவள் புருவம் லேசாக உயர்ந்தால் திரும்பிப் போய்க் கையை இன்னொரு தரம் கழுவிக்கொண்டு வருவார்களாம். பெரியப்பா காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தனியாக, தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் ராணிபோல இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது பல்செட்காரி வேறு ஊரில் இருந்ததால், கட்டிலருகே வந்து நின்றது பெரியப்பாவின் தம்பி மகன்.

குடும்பத்தில் அவனைத் 'தங்கமான பையன்' என்றே சொல்வார்கள். தலை வழுக்கையாகி, மகளுக்கு வரன் தேடுகிற வயது வந்துவிட்டது; இன்னமும் பையன்தான், இன்னமும் தங்கம்தான். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை நின்று பரிமாறுவான், துக்க வீட்டில் முதல் ஆளாக அழுவான்.

"பெரியம்மா, நீங்க எதுக்கு பேங்குக்கும் ஆபீசுக்கும் அலையணும்? ஒரு கையெழுத்து போட்டு பவர் கொடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான். முதலில் பிரிட்ஜ் போயிற்று. பிறகு தையல் மெஷின். பிறகு பெரியப்பாவின் ஸ்கூட்டர். இடுப்பு சரியாகிற வரைக்கும் என்று சொல்லிப் பெரியம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். இடுப்பு ஒருவாறு சரியான பிறகும் அந்த 'வரைக்கும்' மட்டும் வரவேயில்லை. ஒருநாள் எதிர்வீட்டுக்காரி போன் செய்து, "அக்கா, உங்க வீட்டைப் பாக்க ஆளுங்க வந்துட்டுப் போறாங்களே, விக்கறீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லல?" என்று கோபித்துக்கொண்டாள். அப்படித்தான் தன் வீடு விற்பனைக்கு வந்திருக்கும் செய்தி வீட்டுக்காரிக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பி வந்திருந்த தங்கை மகளை அன்றைக்கே வரவழைத்தாள்.

"ஸ்கூட்டரு போனாப் போகட்டும்டி. அது உங்க பெரியப்பா ஓட்டினப்பவே ஓடாது. ஆனா வீடு எனக்கு வேணும். என் வீட்டுல என் அடுப்புல, எனக்குப் பசிக்கிறப்போ சமைச்சு, எனக்குத் தூக்கம் வர்றப்போ விளக்கணைக்கணும். இங்க ஏழு மணிக்குப் பாட்டி தூங்குங்கன்னு சுவிட்சைத் தட்டி அணைக்கறாளுங்க. நான் எவளுக்குடி பாட்டி? அவன் பவரைப் பிடுங்கி உன் பேருக்கு மாத்து. வீடு கைமாறிப் போறதுக்கு முந்தி மாத்து."

கேட்டது அவ்வளவுதான். ஒரு கையெழுத்தில் போனதை ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம் என்று இருவருமே நம்பினார்கள். ஆபரேஷன் தியேட்டரிலும் பல் ஆஸ்பத்திரியிலும் காலம் கழித்தவர்களுக்கு உலகம் அவ்வளவுதான் தெரியும்.

விசாரணை மேசையில் இருந்தவர், தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"என்ன வேணும்?"

"எங்க பெரியம்மா ஒருத்தருக்குப் பவர் கொடுத்திருக்காங்க. அதை ரத்து பண்ணணும்."

"யாரு ரத்து பண்ணணும்?"

"பெரியம்மாதான்."

"அவங்ககிட்ட ஏதும்மா பவர்? அதைத்தான் கொடுத்துட்டாங்களே."

"கொடுத்தவங்கதானே சார் திருப்பி வாங்கணும்?"

கண்ணாடிக்காரர் கருணையோடு சிரித்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் ஓர் உவமை தயாராக இருந்தது.

"நீங்க உங்க குடைய ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டீங்க. இப்போ மழை வருது. குடை யார் கையில இருக்கு?"

"அவர் கையில."

"அப்போ யார் விரிக்கணும்?"

"அவர் விரிச்சு அவர் தலைக்கு மட்டும் பிடிச்சிட்டு நிக்கறாரு சார். நாங்க நனையறோம்."

"குடை பத்திரமா இருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றார் அவர். பிறகு விதியை விளக்கினார். ரத்து விண்ணப்பத்தில், அதிகாரம் அளித்தவரின் சார்பில் கையெழுத்திட வேண்டியவர் அதிகாரம் பெற்றவர்.

"அப்போ திருடினவனே வந்து தன்னைப் பிடிச்சுக் கொடுக்கணுமா?"

"அந்த வார்த்தைய எழுதறதுக்கு எங்க பாரத்துல இடமில்லீங்க. அடுத்தவங்க வாங்க."

அன்று மாலை பல்செட்காரி செய்த பல் செட்டுகள் எல்லாம் சற்றுக் கடிக்கும் தோரணையில் அமைந்துவிட்டதாக டாக்டர் குறைபட்டுக்கொண்டார்.

அடுத்தது துணைப் பதிவாளர். அவருடைய அறையில் சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே இருந்தது. உட்காருகிறவர்கள் எழுந்திருக்கும்போது அதுவும் கூடவே எழுந்து வந்தது. பல்செட்காரி சொன்னது முழுவதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்த பிறகும் சிறிது நேரம் திறக்கவில்லை.

"நீங்க போன வாரம் வந்து சொன்னதை நாங்க சும்மா விடல. முறைப்படி உங்க பெரியம்மாவையே விசாரிச்சுட்டோம். அவங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. கொழுந்தன் மகன் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறானாம்."

"அவங்களை யாரு சார் வந்து கேட்டா? இல்லத்துக்கு யாருமே வரலியே?"

"அவங்க சார்புல கேட்டோம்."

"யார்கிட்ட?"

"அவங்க சார்புல பேச உரிமை உள்ளவர்கிட்ட."

பல்செட்காரி எழுந்தாள். பிளாஸ்டிக் உறையும் எழுந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, "அவன் ஏமாத்தறான்னு சொல்றேன், அவனையே கூப்பிட்டு ஏமாத்தறியான்னு கேக்கறீங்களே!" என்றாள்.

"உக்காருங்கம்மா. நம்பிக்கைங்கறது இந்தக் கட்டடத்தோட அஸ்திவாரம். நீங்க கடப்பாரையோட வந்து நிக்கறீங்க. ஒருத்தர் நம்பத் தகாதவர்னு போறவன் வர்றவன்லாம் சொல்லிட முடியுமா? அவரை நல்லாத் தெரிஞ்சவங்க சொல்லணும். அவரைப் பத்தி அவரைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? அதனால, நம்பகமின்மைச் சான்று அவரேதான் எழுதிக் கொடுக்கணும்."

"எழுதிக் கொடுத்துட்டா ரத்து ஆயிடுமா?"

"அதெப்படி ஆகும்? நம்பத் தகாதவர் எழுதிக் கொடுத்ததை நாங்க எப்படிம்மா நம்பறது?"

சொல்லிவிட்டு, வீட்டைப் பெருக்கிக் கதவைச் சாத்திவிட்டு உட்காருகிறவரின் திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"இதுவரைக்கும் யாராவது ஒருத்தராவது ரத்து வாங்கியிருக்காங்களா சார்?"

"ஏன் வாங்கல? நிறையப் பேர். பெரியவங்க, பாவம், வயசாகுதில்ல? கோப்பு முடியறதுக்குள்ள அவங்களே முடிச்சுக்கறாங்க. காலமாயிட்டா பவர் தானா ரத்து. அதுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. அவ்வளவு எளிமைப்படுத்தி வெச்சிருக்கோம்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு துளிகூட விஷமம் இல்லை என்பதைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். அவர் நல்லவர். வீட்டில் மீன் தொட்டி வைத்திருந்தார்.

நல்லவரானபடியால் ஒரு வழியும் சொன்னார். பெரியம்மாவை நேரில் அழைத்துவந்து மனத்தெளிவுக் குழுவின் முன் நிறுத்தினால், அவர்கள் பார்த்து ஏதாவது செய்யலாம்.

நிறுத்துவது என்பது பேச்சுக்கு. பெரியம்மா சக்கர நாற்காலியில் போனாள். நல்ல சேலை, வாரி முடிந்த கொண்டை. தியேட்டருக்குள் நுழையும் அதே முகம். குழுவில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதினார், ஒருவர் இருந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"வியாழன். உங்க சட்டையில பொத்தான் ஒண்ணு மாத்திப் போட்டிருக்கு. அதையும் சொல்லிடறேன்."

டாக்டர் குனிந்து பார்த்துச் சரிசெய்துகொண்டார். அது எழுதப்படவில்லை.

"உங்க சொத்தை யாராவது அபகரிக்கப் பாக்கறாங்கன்னு உங்களுக்குத் தோணுதா?"

"தோணல. தெரியும்."

'சந்தேக மனப்பான்மை' என்று எழுதப்பட்டது.

"யாருன்னு சொல்ல முடியுமா?"

"வெளிய பெஞ்சுல உக்காந்து உங்க பியூனுக்கு வெத்தலை மடிச்சுக் கொடுத்துட்டிருக்கானே வழுக்கைத் தலையன், அவன்தான்."

'குறிப்பிட்ட ஒருவர்மீது தீவிர சந்தேக மனப்பான்மை.'

"அப்படிப்பட்டவர்கிட்ட ஏம்மா அதிகாரம் கொடுத்தீங்க?"

"புத்தி கெட்டுப்போய்க் கொடுத்தேன்!"

எழுதுகிறவரின் பேனா நின்றது. இருந்தவர்கூடக் கண்ணைத் திறந்தார். மூவரும் தலையைச் சேர்த்து ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு கேட்கிறவர் தொண்டையைச் செருமினார்.

"அதிகாரம் கொடுத்த சமயத்துல புத்தி தெளிவா இல்லைன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. தெளிவில்லாம கொடுத்த அதிகாரம் செல்லாது."

பல்செட்காரிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. "அப்போ அந்த பவர் செல்லாதா டாக்டர்?"

"கொடுத்த நாள்லேருந்தே செல்லாது."

"அப்படின்னா உடனே ரத்து பண்ணிடலாமே!"

"செல்லாததை எப்படிம்மா ரத்து பண்றது? இருந்தாத்தானே ரத்து பண்ண?"

"சரி, ரத்து வேணாம். அவன் வீட்டை விக்க முடியாதுல்ல?"

"விக்கலாமே. ரத்து ஆகற வரைக்கும் செல்லும்."

பெரியம்மா மூவரையும் ஒரு தரம் வரிசையாகப் பார்த்தாள்.

"நாங்கல்லாம் வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி, உள்ள எதையாவது விட்டுட்டோமான்னு தேடிப் பாப்போம். நீங்க தலைக்குள்ள ஒண்ணுமே வெக்காமலே தைச்சுட்டீங்களேப்பா" என்றாள்.

'ஒத்துழைப்புக் குறைவு.'

இதற்குப் பிறகு விவகாரம் இயக்குநரின் நேர்முக விசாரணைக்குப் போனது. நேர்முகம் என்ற சொல்லை நம்பி இருவரும் மறுபடியும் ஏமாந்தார்கள்.

விசாரணைக் கூடத்தில் இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. 'அதிகாரம் அளித்தவர்' என்று எழுதிய இடத்தில் பெரியம்மாவின் சக்கர நாற்காலியை நிறுத்தினார்கள். 'அதிகாரம் பெற்றவர்' என்று எழுதிய இடத்தில் தங்கமான பையன் அமர்ந்தான். ஒலிவாங்கி அவன் முன்னால் மட்டும் இருந்தது. பெரியம்மாவின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக்கொத்து இருந்தது. பல்செட்காரிக்கு இடமே குறிக்கப்படாததால் அவள் தூணோரம் நின்றாள்.

கடைநிலை ஊழியர் தண்ணீர்த் தட்டோடு வந்து, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, தங்கமான பையனிடம் கேட்டார்.

"அம்மாவுக்குத் தண்ணி வேணுங்களா சார்?"

"வேணாம்ப்பா" என்றான் அவன். வறண்ட உதட்டைத் திறந்த பெரியம்மாவைக் கடந்து தட்டு போய்விட்டது.

இயக்குநர் உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். எழாத ஒருத்தியைக் கண்டு அவர் புருவம் சுருங்கியது. தங்கமான பையன் நிலைமையை உணர்ந்து சட்டென்று உட்கார்ந்து, பெரியம்மாவின் சார்பில் இன்னொரு தரம் எழுந்து நின்றான். இயக்குநர் மனம் குளிர்ந்து கையமர்த்தினார்.

"அம்மா சவுக்கியமா இருக்காங்களா?" என்று அவனைக் கேட்டார்.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்காங்க சார். என்னமோ, எங்களுக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம். தங்கச்சி ஊர்லேருந்து வந்ததுலேருந்து..." குரல் உடைந்தது. தூணோரம் பார்த்தான், பிறகு கைக்குட்டையை எடுத்தான். "பெத்த தாய் மாதிரி சார் எனக்கு. அவங்களுக்காக நான் என்னதான் விக்கல?"

கூடம் நெகிழ்ந்தது. தட்டச்சுப் பெண்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பெரியம்மா வடிக்க வேண்டிய கண்ணீர் அனைத்தையும் அவனே வடித்து முடிக்கும்வரை இயக்குநர் காத்திருந்தார். பிறகு உரையாற்றினார்.

"முன்னாடியெல்லாம் பெரியவங்க நேரடியா இங்க வந்துட்டிருந்தாங்க. காது கேக்காது. நடுவுல பழைய கதை. திடீர்னு அழுகை. ஒரு கோப்பு முடிக்கறதுக்குள்ள எங்க ஊழியர்களுக்கு ரத்தக் கொதிப்பு. இன்னிக்கு அப்படியா? அதிகாரம் பெற்றவர் வர்றாரு, ஆமாங்கறாரு, போறாரு. ஒரு குரல், ஒரு கையெழுத்து. மூத்தோர் பாதுகாப்பு, மூத்தோர் பாதுகாப்புங்கறீங்களே, யார்கிட்டேருந்து பாதுகாப்புன்னு சில பேரு கேக்கறாங்க. ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன்: மூத்தோர்கிட்டேருந்துதான்!"

கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் பெரியம்மா குரல் கொடுத்தாள். முகமூடிக்குள்ளிருந்தே தியேட்டரின் கோடிவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது.

"நான் இங்க உக்காந்திருக்கேன்! எனக்கு வாய் இருக்கு! இவன் என் வீட்டை விக்கறான். எனக்கு விக்க இஷ்டமில்ல. என் வாயால சொல்றேன், எழுதிக்கோங்க!"

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. அவள் இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் தங்கமான பையனைப் பார்த்தார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

அவன் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தான். "நன்றி சொல்றாங்க சார்."

தட்டச்சு ஓடியது.

பல்செட்காரி எப்படிப் பாய்ந்தாள் என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. ஒலிவாங்கியைக் கம்பியோடு பிடுங்கிப் பெரியம்மாவின் வாயருகே கொண்டுபோய், "பேசுங்க பெரியம்மா, இப்போ பேசுங்க, எல்லாருக்கும் கேக்கும்!" என்றாள். பிடுங்கிய வேகத்தில் கம்பி அறுந்திருந்தது. இருந்தும் பெரியம்மா பேசினாள். செத்த ஒலிவாங்கியில், காவலர்கள் வந்து நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை, வீட்டு எண்ணையும் தெருவையும், அதை எந்தச் சம்பளத்தில் எப்படிச் சேர்த்து வாங்கினாள் என்பதையும் விடாமல் பேசினாள். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் அது இரண்டு சொற்களில் இடம்பெற்றது: 'கூடத்தில் இரைச்சல்.'

வெளியே மரத்தடியில் பல்செட்காரி நாற்காலியை நிறுத்தினாள்.

"நான் செத்துப்போயிட்டனாடி?" என்று கேட்டாள் பெரியம்மா.

"என்ன பேச்சு இது?"

"இல்ல, நான் பேசறது எனக்குக் கேக்குது. உனக்குக் கேக்குது. அவங்களுக்கு மட்டும் கேக்கல பாரு. செத்தவங்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்னமோ."

"அவனுங்க வாயில இருக்கறதைப் பூராக் கழட்டணும் பெரியம்மா. ஒரு பல் விடாம கழட்டணும். நானே கழட்டறேன்."

"கழட்டினா நீதான்டி மறுபடியும் செட்டு செஞ்சு கொடுக்கணும்" என்றாள் பெரியம்மா. இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு பெரியம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தன் அழுகையை அவள் தானே அழுதது அந்த வளாகத்தில் அன்று அதுவே முதல் தடவை.

பல்செட்காரி ஓயவில்லை. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுப் போட்டு, இயக்ககத்தின் எல்லா மாடிகளிலும் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் குடைக்கதையை முதல் வரியிலிருந்து சொன்னார்கள்.

அப்புறம் ஒருநாள், எதிர்பாராமல், துணைப் பதிவாளரே போன் செய்தார். குரலில் குழைவு.

"உங்களுக்கு நல்ல செய்திம்மா. அதிகாரம் பெற்றவர் மனமுவந்து விட்டுக்கொடுக்க முன்வந்திருக்காரு. அவரே வந்து கையெழுத்துப் போட்டுட்டாரு. புது அதிகாரம் உங்க பேர்ல. இயக்கக வரலாற்றுலயே முதல் சுமுக மாற்றம் இது! இயக்குநர் விழாவா நடத்தணும்னு ஆசைப்படறாரு. கொஞ்சம் நல்ல சேலையா கட்டிட்டு வாங்க."

விழா அதே கூடத்தில் நடந்தது. பலூன்கள் கட்டியிருந்தார்கள். புகைப்படக்காரர் வந்திருந்தார். புது ஒலிவாங்கி, இந்தத் தடவை பல்செட்காரியின் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்த் தட்டோடு வந்த ஊழியர் அவளிடம் குனிந்து, "அம்மாவுக்குத் தண்ணி வேணுங்களா மேடம்?" என்றார்.

"அவங்களையே கேளுங்க."

ஊழியர் திகைத்துப் போனார். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ரோஜாக்கொத்தைப் பார்த்து ஒரு தரம் கேட்டார். பெரியம்மா தட்டிலிருந்து தானே டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

தங்கமான பையன் வாய் நிறையச் சிரிப்போடு வந்து, வெல்வெட் விரித்த தட்டில் வீட்டுச் சாவியை வைத்து நீட்டினான். "உன்கிட்ட ஒப்படைச்சுட்டேன் தங்கச்சி. என் மனசு இப்பத்தான் லேசாச்சு. பெரியம்மாவை நல்லாப் பாத்துக்க."

பெரியம்மா பல்செட்காரியின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி இவன் இப்படிச் சிரிக்கறான்? மயக்க மருந்து கொடுக்கறவங்கதான் இப்படிச் சிரிப்பாங்க. ஊசியக் குத்தின பிறகு."

"சும்மா இருங்க பெரியம்மா, கையெழுத்தாகட்டும்."

கையெழுத்தாயிற்று. முத்திரை விழுந்தது. இயக்குநர், விட்டுக்கொடுத்தவரையும் பெற்றுக்கொண்டவரையும் இரு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். சக்கர நாற்காலி படத்தில் பாதிதான் விழும் என்று புகைப்படக்காரர் சொன்னதால் அதைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். "ஒரு புகார் இல்லை, ஒரு வழக்கு இல்லை. நம்பிக்கை நம்பிக்கையிடம் கைமாறியிருக்கிறது" என்றார் இயக்குநர். நம்பிக்கையைத் தவிர வேறு என்ன கைமாறியது என்று எவரும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனார்கள். வழியில் காய்கறி வாங்க வேண்டும் என்று பெரியம்மா அடம்பிடித்ததால் கத்தரிக்காயும் தக்காளியும் வாங்கி அவள் மடியில் வைத்தார்கள். தெருமுனை திரும்பியதும் அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. பல்செட்காரி திருப்பிப் போட்டுப் பார்த்தாள், எச்சில் தொட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏணி, பெயின்ட் டப்பா, பிரிக்காத அட்டைப் பெட்டிகள்.

"யாரு வேணும்ங்க?"

பெரியம்மா அந்தப் பெண்ணின் தோளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிச் சுவர் பச்சையாகியிருந்தது.

"இது... இவங்க வீடு" என்றாள் பல்செட்காரி.

இளம்பெண்ணின் முகம் வெளுத்தது. "ஐயோ, நாங்க முறையா பத்திரம் பதிஞ்சுதான் அக்கா குடிவந்தோம். இவங்க சார்புல பவர் வெச்சிருந்தவரேதான் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. போன வாரம். உள்ள வாங்களேன், வந்து உக்காருங்களேன்."

தன் வீட்டுக்குள் வரும்படி தன்னை அழைத்த பெண்ணிடம், "கைக்குழந்தைய வெச்சிட்டுப் பெயின்ட் வாடையில நிக்காதம்மா, நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்றாள் பெரியம்மா.

பல்செட்காரி அங்கேயே படியில் நின்று துணைப் பதிவாளருக்குப் போன் செய்தாள்.

"வீட்டை வித்துட்டானே சார்! வித்த பணம் எங்க?"

"அதெல்லாம் கணக்கு ஒப்படைச்சுட்டாரும்மா. பூராவும் அம்மாவோட பராமரிப்புச் செலவு. சரியா இருக்கு."

"சரியா இருக்குன்னு யாரு சொன்னா?"

"அம்மாதான். ரத்து ஆகறதுக்கு முந்தி, அவங்க சார்புல."

"இப்போ பவர் என்கிட்ட இருக்கு. நான் புகார் கொடுக்கறேன்."

"தாராளமா கொடுங்க. ஆனா இது உங்க காலத்துல நடந்ததில்லையே? அந்தக் காலத்துல அதிகாரம் பெற்றவர் யாரோ, அவர்தான் அதுக்குப் புகார் கொடுக்கணும்."

போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். பெரியம்மா கத்தரிக்காயை அந்த இளம்பெண்ணிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பல்செட்காரியின் கைப்பையில் இருந்த புதிய பத்திரத்தின்படி, பெரியம்மாவின் அசையும் சொத்து, அசையாச் சொத்து அனைத்துக்கும் அந்த நிமிடம் முதல் அவளே முழுப் பாதுகாவலர்.

மிஞ்சியிருந்த அந்தச் சக்கர நாற்காலியும் வாடகைக்கு எடுத்ததுதான்.